இரண்டு சைக்கிள், இரண்டு கயாக், நல்ல மைலேஜ்: கிருஷ்ணகிரிக்கு எந்த வண்டி சரி?

கேட்டவர்: கேஆர்பி_துடுப்பு

வணக்கம். புது வண்டி எடுக்கணும். வீட்டில் ஒரே வண்டிதான், அதனால் வாரநாள் ஓட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதுவே பொருந்தணும்.

ஏற்ற வேண்டியவை: 29 இன்ச் சக்கரமுள்ள மவுண்டன் பைக் இரண்டு, ஒவ்வொன்றும் 14 கிலோ. மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை பிளாஸ்டிக் கயாக் இரண்டு, ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 78 செ.மீ. அகலம், 22 கிலோ. ஆட்கள்: பெரியவர் இருவர், பத்து வயதுப் பையன் ஒருவன்.

ஓட்டம்: திங்கள் முதல் வெள்ளி வரை கிருஷ்ணகிரி–ஓசூர் போய்வர தினமும் 100 கி.மீ. வாரக்கடைசியில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் சைக்கிளோடு. மாதம் ஒருமுறை சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை அல்லது புதுச்சேரி, கயாக்கோடு.

பார்த்து வைத்திருப்பவை: எர்டிகா பெட்ரோல், ட்ரைபர், கேரன்ஸ் டீசல், ஈக்கோ, கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட். எல்லாவற்றையும் மேலே கட்டிக்கொண்டு போனால் மைலேஜ் எவ்வளவு அடிபடும்? எது சரியாக வரும்?

---

ராயக்கோட்டை_ரைடர்

வண்டி எது என்பதற்கு முன்னாடி, எந்தப் பொருள் எங்கே போகப்போகுது என்பதை முடிவு பண்ணுங்க. அது முடிவானா உங்க பட்டியலில் பாதி தானாவே கழிஞ்சிடும்.

முதலில் கூரை. சாதாரணக் கார் கூரைக்கு ஓடும்போது தாங்கும் எடை பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரைதான். அந்த எடையில் கேரியரும் அடக்கம், நிறைய பேர் இதை விட்டுடறாங்க. உங்க கணக்கு: கயாக் இரண்டும் 44 கிலோ, குறுக்குக் கம்பியும் அதைக் கூரையில் பிடிக்கும் கால்களும் 6 கிலோ, கயாக்கைச் சாய்த்து வைக்கும் ஜே வடிவத் தாங்கிகள் 5 கிலோ. மொத்தம் 55. இதோட சைக்கிள் 28 கிலோ, சைக்கிள் தட்டுகள் 8 கிலோ சேர்த்தா 91. சாதாரணக் கார் கூரைக்கு இது அதிகம். ஆக கயாக் மேலே, சைக்கிள் உள்ளே. வேற வழி கிடையாது.

அகலத்தையும் பாருங்க. 78 செ.மீ. கயாக் இரண்டைப் படுக்கப் போட்டா 156 செ.மீ. குறுக்குக் கம்பி சுமார் 120 செ.மீ.தான் இருக்கும். அதனால ஜே தாங்கியில் பக்கவாட்டில் நிறுத்தியே ஆகணும், அப்போ ஒவ்வொன்றும் 40 செ.மீ. அளவில் அடங்கிடும்.

இப்போ வண்டிக்கு வரலாம். ட்ரைபரோட மூன்றாவது வரிசையைக் கழற்றி வெளியே எடுத்து வைக்கலாம், அப்போ டிக்கி 625 லிட்டர் வரும், சைக்கிளுக்கு அருமையான இடம். ஆனா அதோட ரூஃப் ரெயிலுக்கு, அதாவது கூரையின் இரு ஓரமும் ஓடும் கம்பிக்கு, ரெனோ சொல்லும் அளவு 50 கிலோ. உங்க 55 கிலோ அதைத் தாண்டுது. 1.0 லிட்டர், 72 குதிரைத்திறன் என்ஜின். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியா ஓசூர் ஏறுறது தொடர்ந்து ஏற்றம், தினமும் இரண்டாவது, மூன்றாவது கியரில் முறுக்க வேண்டிவரும். கயாக் ஒன்றுதான் என்றால் ட்ரைபரையே சொல்லியிருப்பேன்.

கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடின் 27.97 என்ற சோதனை மைலேஜைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹைப்ரிடின் லாபம் நின்று நின்று போகும் ஊர்ப் போக்குவரத்தில்தான்: பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரி திரும்ப வாங்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கே இல்லை, அந்த லாபமும் குறையும். அதோட, பேட்டரி டிக்கிக்குக் கீழே இருப்பதால் டிக்கி 265 லிட்டர்தான். இரண்டு மவுண்டன் பைக் அதில் போகாது.

மிச்சம் எர்டிகா, கேரன்ஸ், ஈக்கோ. என் தேர்வு எர்டிகா பெட்ரோல். நீளம் சுமார் 4.4 மீட்டர், உயரம் 1690 மி.மீ. மூன்றாவது வரிசை பாதிப் பாதியாகவும், இரண்டாவது வரிசை 60:40 ஆகவும் மடங்கும். பையனுக்கு ஓர் இருக்கையை விட்டுட்டு மிச்சத்தை மடிச்சா சைக்கிள் இரண்டும் போகும். சிஎன்ஜி மாடல் எடுக்காதீங்க, 60 லிட்டர் சிலிண்டர் பின்னாடி உட்கார்ந்துக்கும், உங்களுக்கு வேண்டிய இடமே அதுதான்.

ஒரு விஷயம், எர்டிகாவுக்கு ரூஃப் ரெயில் கிடையாது. கதவு விளிம்பில் கவ்வும் கால்கள்தான் வேணும். அந்தக் கால்களுக்கு வண்டி மாடலுக்குத் தனி கிட் வரும். கிட் கிடைக்குமா, கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் எழுத்தில் பார்த்த பிறகு வண்டிக்கு முன்பணம் கட்டுங்க.

---

பட்டறை_ஓசூர்

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனா தினமும் 100 கி.மீ. நெடுஞ்சாலை என்று சொல்ற ஆளுக்குப் பெட்ரோல் ஏன்?

வாரக்கடைசி ஓட்டத்தையும் சேர்த்து மாதம் 25 நாள் என்று வைத்தா 2500 கி.மீ. பெட்ரோல் எர்டிகாவுக்கு நெடுஞ்சாலையில் நிஜ மைலேஜ் 17 என்று வைங்க, 147 லிட்டர். கேரன்ஸ் 1.5 டீசலுக்கு 19 வைங்க, 132 லிட்டர். பெட்ரோல் 101, டீசல் 93 ரூபாய் என்ற கணக்கில் மாதம் 14,850க்கு 12,280. வித்தியாசம் 2,570 ரூபாய். வண்டி விலையில் வித்தியாசம் ஒன்றரை லட்சம் என்றால் ஐந்து வருஷத்துக்குள் கழியும். பத்து வருஷம் வைத்திருப்பவருக்கு டீசல், நான்கு வருஷத்தில் மாற்றுபவருக்குப் பெட்ரோல். கயாக் ஏற்றும்போதும் 250 நியூட்டன் மீட்டர் இழுவை இருப்பதால் ஏற்றத்தில் அடிக்கடி கியர் இறக்க வேண்டியதில்லை.

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசலில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிய, என்ஜின் நல்லா சூடாகி ஒரே சீராக 15, 20 நிமிஷம் ஓடணும். ஊருக்குள்ளேயே 3 கி.மீ., 4 கி.மீ. ஓட்டுபவருக்கு அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். உங்க ஓசூர் ஓட்டத்துக்கு அந்தத் தொல்லை வராது. விளக்கு எரிந்தா வண்டியை அணைக்காதீங்க, நெடுஞ்சாலையில் 60க்கு மேல் வைத்துச் சீராக ஓட்டிக்கிட்டே போங்க, கரி தானாவே எரிந்து முடிஞ்சிடும்.

கேரன்ஸில் ரூஃப் ரெயில் கண்ணுக்குத் தெரியும். தெரிவதெல்லாம் பாரம் தாங்காது. நிறைய வண்டிகளில் அது அழகுக்கு ஒட்டினது. கையேட்டில் கூரைப் பாரம் என்ற பக்கத்தில் கிலோ கணக்கு எழுதியிருந்தா நம்புங்க. ஷோரூமில் வாய்வார்த்தையாச் சொன்னா எடுத்துக்காதீங்க.

ஈக்கோவைப் பற்றி யாரும் பேசலை. உள்ளே உயரம் இருப்பதால் முன்சக்கரத்தைக் கழற்றிட்டு சைக்கிளை நிற்க வைத்தே ஏற்றலாம், விலையும் குறைவு, சோதனை மைலேஜ் 19.71. கூரையோரம் மழைநீர் வடியும் விளிம்பு இருக்கும், கேரியரை அதிலேயே கவ்வ வைக்கலாம். ஆனா வண்டி உயரம் 1825 மி.மீ., அகலம் 1475 மி.மீ., டயர் 13 இன்ச். அகலம் குறைந்த உயரமான வண்டியின் தலையில் 50 கிலோ ஏற்றினா பக்கக் காற்றுக்கும், லாரி கடக்கும்போது வரும் காற்றுத் தள்ளலுக்கும் ஆடும். 70க்கு மேல் போகாதவருக்குச் சரி. சென்னை வரை 250 கி.மீ. போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

உள்ளூர்ப் பட்டறையில் இரும்புக் குழாயில் கேரியர் அடிச்சுத் தருவாங்க. 20 கிலோவுக்கு மேல் இருக்கும். கூரை தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கு கேரியருக்கே போயிடும். அலுமினியக் கம்பியே வாங்குங்க.

பின்பக்கம் டிராக்டர் கொக்கி மாதிரி ஒன்றை வெல்டிங் வைத்து சைக்கிள் ஸ்டாண்டு மாட்டலாம் என்று யாராவது சொன்னா கேட்காதீங்க. எர்டிகா, கேரன்ஸ் இரண்டுக்கும் தனி சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். பின்னாடி இடித்தா நசுங்க வேண்டிய பகுதியில் கெட்டி இரும்பு போனா, அடி நேரா உள்ளே வரும். வாரண்டியும் போகும்.

---

கேஆர்பி_துடுப்பு

இருவருக்கும் நன்றி. வண்டியை நாங்க எட்டு, பத்து வருஷம் வைத்திருப்போம். மூன்று சந்தேகம். கயாக் மேலே இருந்தா மைலேஜ் எவ்வளவு குறையும்? கட்டுறது எப்படி, போன இடத்தில் ஒரு கயாக் காற்றில் பறந்ததைப் பார்த்தோம். டிக்கிக் கதவில் பெல்ட் போட்டு மாட்டும் சைக்கிள் ஸ்டாண்டு போதுமா?

---

மேட்டூர்_அலை

மைலேஜைப் பற்றி முதலில். கூரையில் வைக்கும் பெரிய பெட்டிக்கு அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு இருக்கு: ஊருக்குள் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம், மணிக்கு 105 கி.மீ.யிலிருந்து 120 கி.மீ. வரை போனா 10 முதல் 25 சதவீதம் மைலேஜ் குறையும். கயாக்கின் முனை கூராக இருப்பதால் பெட்டியை விடக் காற்றைக் கொஞ்சம் நல்லா கிழிக்கும், ஆனா ஜே தாங்கியில் நிறுத்தும்போது உயரம் கூடுவதால் அந்த நன்மை போயிடும். 20 சதவீதம் என்று வைத்துக்கோங்க. 17 தரும் வண்டி 13.6 தரும். சென்னை போய்வர 510 கி.மீ.க்கு 30 லிட்டருக்குப் பதில் 37.5 லிட்டர்.

குறைக்க ஒரே வழி வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80ல் இருப்பதைப் போல 100ல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 80, 85க்குள் வைங்க. கட்டுக்கும் அதுதான் நல்லது.

அதைவிட முக்கியமானது, வீட்டுக்கு வந்ததும் குறுக்குக் கம்பியைக் கழற்றிடுங்க. வெறும் கம்பியால் 3 சதவீதம்தான் போகுது என்று குறைத்து வைத்தாலும், மாதம் 2500 கி.மீ. ஓட்டத்தில் நாலு லிட்டருக்கு மேல் வீண். சென்னைப் பயணத்தில் கயாக் தின்ற கூடுதல் எரிபொருளில் பாதிக்கு மேல் அது, கயாக்கே இல்லாமல். கழற்றி மாட்ட 10 நிமிஷம். கால்கள் உட்காரும் இடத்தில் கூரையில் சின்ன டேப் ஒட்டி வைத்தா அடுத்த முறை அளக்க வேண்டியதில்லை.

இப்போ கட்டு. கம்பி இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் தர முடியுமோ அவ்வளவு தாங்க. கயாக் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேணும், உங்க 10 அடிக்கு ஒரு மீட்டர். கயாக் ஒன்றுக்கு இரண்டு பட்டை, 25 மி.மீ. அகலம், 4 மீட்டர் நீளம், பல்லால் கவ்வும் பக்கிள் உள்ளது. லாரிக்காரங்க போடும் ராட்செட் பட்டை வேண்டாம். அதை நாலு தரம் அடிச்சா கையில் தெரியாமலே பிளாஸ்டிக் உள்ளே அமுங்கிடும். ஏப்ரல், மே வெயிலில் வண்டி இரண்டு மணி நேரம் நின்றா அந்தப் பள்ளம் அப்படியே இறுகிடும். பள்ளம் விழுந்திருந்தா வெயிலில் வைத்து, சுடுதண்ணீர் ஊற்றி, உள்ளிருந்து கையால் தள்ளினா பெரும்பாலும் திரும்பும்.

பட்டையைக் கயாக்கைச் சுற்றிக் கொண்டுவந்து குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைக்கணும். தாங்கியில் மட்டும் மாட்டினா, தாங்கி கழன்றா எல்லாம் போச்சு. பக்கிள் படும் இடத்தில் துணியோ ரப்பரோ வைங்க. மேலே போகும் பட்டையில் ஒரு முறுக்கு போடுங்க, இல்லாட்டி 60க்கு மேல் காற்றில் அதிர்ந்து ஊளையிடும், அந்த அதிர்விலேயே பக்கிள் மெல்ல மெல்ல நழுவும். மிச்ச நுனியைக் கதவுக்குள் விட்டுச் சாத்தாதீங்க, மழையில் தண்ணீர் அது வழியா சீட்டுக்கு இறங்கும்.

பறந்ததாச் சொன்னீங்களே, அது பெரும்பாலும் முன்கயிறு இல்லாததால்தான் நடக்கும். இரண்டு பட்டை மட்டும் போட்டா, எதிரே வரும் காற்று கயாக்கின் மூக்கைத் தூக்கும், பாரம் முழுக்க முன்கம்பியின் கால்களில் விழும், கால் கதவு விளிம்பிலிருந்து உருவிக்கும். அதனால மூக்கிலிருந்து வண்டியின் முன்பக்கத்துக்கு ஒரு கயிறு, வாலிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு கயிறு, 6 அல்லது 8 மி.மீ. நைலான். முன்னாடி கட்ட இடமில்லை என்பாங்க. பானெட்டைத் திறந்தா மட்கார்டு போல்ட் வரிசை இருக்கும், அதில் ஒன்றைக் கழற்றி, ஓட்டை போட்ட பட்டை வளையம் ஒன்றை அதற்குள் வைத்து இறுக்குங்க. தேவைப்படும்போது வெளியே இழுத்துக்கலாம், மற்ற நேரம் உள்ளே மடக்கி வைக்கலாம். பம்பரில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கியிலும் கட்டலாம். கயிறு தளர்வில்லாம இருந்தா போதும், மூக்கு கீழே வளையும் அளவுக்கு இழுக்கக் கூடாது.

சென்னை வழியில் பர்கூரில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டையையும் கையால் இழுத்துப் பாருங்க. புதுப் பட்டை முதல் 15 கி.மீ.யில்தான் தளரும். அதற்குப் பிறகு டீ குடிக்க நிற்கும்போதெல்லாம் ஒரு இழுப்பு.

---

ராயக்கோட்டை_ரைடர்

டிக்கிக் கதவு ஸ்டாண்டு: உங்களுக்கு வேண்டாம். மேல் கொக்கி உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருக்கும், 28 கிலோவும் ஸ்டாண்டு எடையும் சேர்ந்து ஆடினா விரிசல் விடும். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையும். கீழே தொங்கும் சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேரா வந்தா டயர் உருகும். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வண்டி அகலத்தைத் தாண்டி நிற்கும். அதோட, டிக்கியைத் திறக்கவே முடியாது.

உள்ளே வைக்கும் முறை. முன்சக்கரத்தைக் கழற்றினாலும் 29 இன்ச் சைக்கிள் ஃபோர்க் நுனியிலிருந்து பின்டயர் வரை சுமார் 155 செ.மீ. இருக்கும். ஷோரூமுக்குப் போகும்போது டேப் எடுத்துட்டுப் போய், இருக்கையை மடித்த பிறகு டிக்கிக் கதவிலிருந்து முன்சீட் முதுகு வரை அளங்க, முன்சீட்டை உங்க உயரத்துக்குத் தள்ளி வைத்த பிறகு. டிக்கி வாயின் உயரத்தையும் அளங்க. முடிஞ்சா ஒரு சைக்கிளையே எடுத்துட்டுப் போங்க, விற்கிறவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

சீட் கம்பியை முழுக்க இறக்கி, முதல் சைக்கிளை கியர் இருக்கும் பக்கம் மேலே வருமாறு படுக்க வைங்க. மேலே ஒரு பழைய ஜமுக்காளம். இரண்டாவதை எதிர்த்திசையில், அதுவும் கியர் மேலே. கியர் பக்கம் கீழே போனா கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளையும், அடுத்த நாள் அஞ்செட்டி ஏற்றத்தில் செயின் சக்கரக் கம்பிக்குள் விழும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றா, சக்கரத்தைக் கழற்றியதும் பேடு இரண்டுக்கும் நடுவே மடித்த அட்டையைச் செருகுங்க. யாராவது லீவரை அமுக்கிட்டா பேடு ஒட்டிக்கும், டிஸ்க் உள்ளே போகாது. சைக்கிளைத் தலைகீழா வைக்காதீங்க, குழாய்க்குள் காற்று ஏறி லீவர் பஞ்சு மாதிரி ஆகிடும். ஆகிட்டா நேரா நிறுத்தி பத்து, இருபது தரம் அமுக்கினா பெரும்பாலும் சரியாகும்.

கடைசியா, சைக்கிளைக் கட்டுங்க. மடித்த இருக்கையின் கீல் இரும்பில் பட்டை போட்டு, ஃபிரேமைச் சேர்த்துப் பிடிக்கணும். தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரிக்குப் பின்னாடி அமுக்கிப் பிரேக் பிடிக்க வேண்டிவந்தா, கட்டாத சைக்கிள் பையன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும்.

பட்டறை அண்ணன் சொன்ன டீசல் கணக்கை ஏற்றுக்கறேன். பத்து வருஷம் என்றால் கேரன்ஸ்தான், கூரை எடையைக் கையேடு அனுமதிச்சா.

---

பட்டறை_ஓசூர்

இரண்டு விஷயம் விட்டுப்போச்சு.

டயர் காற்று. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆள் குறைவா இருக்கும்போது ஒரு அளவும் முழுப் பாரத்துக்கு ஒரு அளவும் போட்டிருப்பாங்க. கயாக் ஏற்றும் நாளில் இரண்டாவது அளவு, அதுவும் காலையில் டயர் சூடாகும் முன்னாடி. பெட்ரோல் பங்க்கில் கண்மூடித்தனமா எல்லாத்துக்கும் ஒரே அளவு அடிப்பாங்க, நீங்க சொல்லுங்க.

இன்னொன்று சட்டம். பாரம் வண்டி உடலின் பக்கவாட்டைத் தாண்டினாலோ, முன்னும் பின்னும் உயரத்திலும் அனுமதித்த அளவைத் தாண்டினாலோ, மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவும் உங்க தலையில். 4.4 மீட்டர் வண்டியில் 10 அடி கயாக் முன்னும் பின்னும் நீட்டாது, பக்கவாட்டைத்தான் பார்த்துக்கணும். துடுப்பை உள்ளே வைங்க.

---

மேட்டூர்_அலை

கயாக்கை இன்னும் வாங்கலைன்னா, இல்லை விற்றுட்டு மாற்றலாம்னா, காற்றடிக்கும் கயாக்கையும் யோசிங்க. 12 முதல் 17 கிலோ, பையில் மடங்கும், கூரை காலி. அப்போ எர்டிகாவோ ட்ரைபரோ எதுவும் சரி, மைலேஜ் நஷ்டமும் இல்லை. நம்ம பக்க ஏரிக்கரை முழுக்கச் சீமைக்கருவேல முள் என்பதுதான் சிக்கல். தண்ணீர் விளிம்பு வரை தார்ப்பாய் விரிச்சு அதன் மேல்தான் ஊதணும், இழுத்துக்கிட்டுப் போகக் கூடாது. கரையேற்றி வெயிலில் விடும்போது கொஞ்சம் காற்றை இறக்கிடுங்க, சூட்டில் காற்று விரிந்து தையல் பிரியும். வீட்டுக்கு வந்து முழுக்கக் காய வைக்காம மடிச்சா பூஞ்சை பிடிக்கும்.

எங்கே இறக்குறது என்பதையும் கிளம்பும் முன்னாடி கேட்டுக்கோங்க. கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணை நீர்வளத் துறையின் கையில், அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. ஒகேனக்கல்லில் உரிமம் பெற்ற பரிசலுக்குத்தான் இடம், அந்தக் காவிரியில் முதலை உண்டு. அஞ்செட்டி பக்கக் காடுகளில் பெரும்பகுதி 2022ல் அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருது. சைக்கிளானாலும் தார்ச்சாலையை விட்டு உள்ளே திரும்புமுன் வனத்துறையிடம் கேட்டே ஆகணும், அது யானை வழி.